முரண்நகைக் கட்டுரைக்கு எந்தக் கதை? ஆறு சிறுகதைகள், ஓர் ஒப்பீடு

‘ஒரு செவ்வியல் சிறுகதையில் முரண்நகை (ஆங்கிலத்தில் ‘ஐரனி’) செயல்படும் விதத்தை ஆராய்க’ என்று கல்லூரி இலக்கியப் பாடத்தில் கேட்டவுடன், பெரும்பாலான மாணவர்கள் முடிவில் பெரிய திருப்பம் உள்ள கதையைத் தேடிப் போகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. திருப்பத்தைச் சொல்ல ஒரு பத்தி போதும். மிச்சப் பக்கங்களை நிரப்ப வழியில்லாமல் கதைச்சுருக்கம் எழுதுகிறார்கள். திருத்துபவருக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரியும், அதனால் சுருக்கத்துக்கு மதிப்பெண் வருவதில்லை.

தேர்வுக்கு ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் முறை படிக்கும்போது கதை வளர்கிறதா, சுருங்குகிறதா? முடிவு தெரிந்த பிறகும் நடுவிலுள்ள வரிகள் புதிதாகப் பேசினால் அது கட்டுரைக்கு ஏற்ற கதை. காரணம் எளிது. முரண்நகை என்பது அடிப்படையில் அறிவின் ஏற்றத்தாழ்வு. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது, அந்த இடைவெளியில்தான் அது பிறக்கிறது. யாருக்கு என்ன தெரியும், எந்த வரியில் தெரியவருகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் கட்டுரை தானாக நடக்கும்.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. சொல் முரண்நகையில் பேசுபவர் ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துகிறார். நம் அணியிலக்கணத்தின் வஞ்சப்புகழ்ச்சி இதற்கு மிக அருகில் இருப்பது. ‘தேவர் அனையர் கயவர்’ என்ற குறள் (1073) புகழ்வதுபோல் பழிக்கிறது. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவல் மனையில் பத்திரமாக இருக்கின்றன என்று ஔவையார் பாராட்டுவதும் (புறநானூறு 95) இதே வகைதான். அதியமானின் வேல்களோ போரில் முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. நாடக முரண்நகையில் வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. நிகழ்வு முரண்நகையில் எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது நடக்கிறது. இந்த மூன்றாவதில்தான் அதிகம் வழுக்குகிறது. எதிர்பாராதது எல்லாம் முரண்நகை ஆகாது. ஊருக்குக் கிளம்பிய நாளில் மழை கொட்டினால் அது துரதிர்ஷ்டம். நனையக் கூடாது என்று எடுத்த ஏற்பாடே நனைய வைத்தால் அது முரண்நகை. எதிர்பார்ப்பைக் கதையே கட்டியிருக்க வேண்டும், கவிழ்ப்பும் அந்தக் கட்டுமானத்திலிருந்தே வர வேண்டும்.

முதல் கட்டுரைக்கு: ‘ஒரு மணி நேரக் கதை’

கேட் ஷோப்பின் 1894இல் எழுதிய ‘தி ஸ்டோரி ஆஃப் ஆன் அவர்’ ஆங்கில மூலத்தில் ஏறத்தாழ ஆயிரம் சொற்கள்தான். ஒரே மாலையில் ஐந்து முறை படித்துவிடலாம். முரண்நகையில் இதுவரை கட்டுரை எழுதாதவர் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது எங்கள் முடிவு. சிறிய கதை என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. முடிவுக்கு ஈடான கனம் இதன் நடுப்பகுதியிலும் இருக்கிறது.

இதய நோயாளியான லூயிஸ் மல்லார்டிடம் அவள் கணவன் ரயில் விபத்தில் இறந்த செய்தியை மெல்லச் சொல்ல வேண்டும் என்று சகோதரி ஜோசஃபினும் நண்பர் ரிச்சர்ட்ஸும் பாடுபடுகிறார்கள். ரிச்சர்ட்ஸ் இரண்டாவது தந்தி வரும்வரை காத்திருந்து உறுதி செய்துகொண்டே வருகிறார். அத்தனை கவனத்தோடு சரிபார்க்கப்பட்ட செய்தி பொய்யானது. கதை முடியும் இடத்திலும் அதே ரிச்சர்ட்ஸ், உயிரோடு வந்து நிற்கும் கணவனை லூயிஸின் பார்வையிலிருந்து மறைக்கப் பாய்கிறார். முதல் வரியில் தொடங்கிய பாதுகாப்பு கடைசியிலும் தொடர்கிறது, இரண்டு முறையும் தவறான ஆபத்திலிருந்து காக்கப் பார்க்கிறது. கட்டுரைக்கு இந்த ஒரு கோடே போதும்.

நடுவில் பூட்டிய அறைக் காட்சி. துக்க வீட்டின் ஜன்னலுக்கு வெளியே வசந்தத்தில் துளிர்க்கும் மரங்கள், மழையின் வாசம், சிட்டுக்குருவிகள். கதவுக்கு வெளியே நின்று ‘உடம்பைக் கெடுத்துக்கொள்வாய்’ என்று ஜோசஃபின் கெஞ்சும்போது, உள்ளே லூயிஸ் இனித் தன் வாழ்வு தனக்கே என்ற விடுதலையில் வாழ்வின் அமுதத்தைப் பருகிக்கொண்டிருக்கிறாள். வாசகருக்கு இது தெரியும், ஜோசஃபினுக்குத் தெரியாது. நாடக முரண்நகைக்கு இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது கடினம்.

கடைசி வரியில் கவனம் தேவை. உயிரோடு வந்த கணவனைக் கண்டதும் லூயிஸ் இறந்துவிட, அவள் ‘கொல்லும் ஆனந்தத்தால்’ இறந்தாள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதைச் சொல் முரண்நகை என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. மருத்துவர்கள் அதை நம்பியே சொல்கிறார்கள், அவர்கள் பேச்சில் உள்நோக்கம் ஏதுமில்லை. அவர்கள் அறியாததை நாம் அறிவோம். ஆகவே அது நாடக முரண்நகை. அதே சொற்களைத் தேர்ந்து கடைசியில் வைத்த ஆசிரியரின் நிலையிலிருந்து பார்த்தால் மட்டுமே சொல் முரண்நகை என்று வாதிடலாம். எந்த நிலையிலிருந்து பேசுகிறீர்கள் என்பதைக் கட்டுரையில் சொல்லியாக வேண்டும். இந்த வேறுபாட்டை மூன்று வரிகளில் விளக்கும் கட்டுரை மற்றவற்றிலிருந்து உடனே தனித்துத் தெரியும்.

எல்லோரும் எடுக்கும் ‘நெக்லஸ்’

மாப்பசானின் கதை 1884இல் வெளியானது. மிக அதிகமாகப் பாடத்தில் வைக்கப்படும் கதைகளில் ஒன்று, மிக அதிகமாக வீணடிக்கப்படுவதும் இதுவே. ‘ஆடம்பர ஆசைக்குக் கிடைத்த தண்டனை’ என்று ஒரு நீதிக்கதையாகச் சுருக்கிவிட்டால் எழுத ஒன்றும் மிஞ்சாது.

விருந்துக்காகத் தோழி ஃபோரஸ்தியே சீமாட்டியிடம் இரவல் வாங்கிய நெக்லஸை மத்தில்த் தொலைத்துவிடுகிறாள். எண்களைப் பிடித்துக்கொண்டால் கதை வேறாகத் திறக்கும். கணவன் துப்பாக்கி வாங்கச் சேர்த்த 400 பிராங்கு மத்தில்தின் உடைக்குப் போகிறது. தொலைந்த நகைக்கு மாற்றாக வாங்கியதன் விலை 36,000. அதில் 18,000 கணவனின் தந்தை விட்டுச்சென்ற பணம், மீதி கடன். அடைக்கப் பத்து ஆண்டுகள். கடைசியில் தெரியவரும் உண்மை: அசல் நகையே போலி, அதிகபட்சம் 500 பிராங்கு பெறும். உடைக்கே 400 ஆனது என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். அன்றிரவு அவள் அணிந்திருந்தவற்றில் உடையும் நகையும் கிட்டத்தட்ட ஒரே விலை. கதை இதை எங்கும் உரக்கச் சொல்வதில்லை.

அதைவிட முக்கியம், நடுவிலே கிடக்கும் தடயங்கள். நகைப் பெட்டிக்குள் இருந்த பெயரைப் பார்த்துக் கடைக்குப் போகிறார்கள். ‘நகையை நான் விற்கவில்லை, பெட்டி மட்டும்தான் என்னுடையது’ என்கிறார் கடைக்காரர். முதல் வாசிப்பில் இது வெறும் ஏமாற்றம், இரண்டாம் வாசிப்பில் உண்மையே வாய் திறந்து சொன்ன இடம். பிறகு மாற்று நகையைத் திருப்பிக் கொடுக்கும்போது, மத்தில்த் பயந்ததுபோல் ஃபோரஸ்தியே சீமாட்டி பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. அவள் திறந்திருந்தால் பத்து ஆண்டுகள் மிஞ்சியிருக்கலாம். சுருக்கிய பதிப்பில் படிப்பவர்கள் இத்தகைய வரிகளை இழந்துவிடக்கூடும். முழுப் பதிப்பா என்று சரிபார்க்க, பெட்டிக் கடைக்காரர் வரும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் வகைப்பிழை, இதை நாடக முரண்நகை என்பது. நகை போலி என்று முதல் வாசிப்பில் வாசகருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஃபோரஸ்தியே சீமாட்டி ஒருவரே. ஆகவே இது நிகழ்வு முரண்நகை. இரண்டாம் வாசிப்பில் மட்டும் நாடக முரண்நகையின் சுவை வருகிறது என்று எழுதலாம், அது நுட்பமான கவனிப்பாகக் கொள்ளப்படும்.

எளிதாகத் தோன்றுவது: ‘தி கிஃப்ட் ஆஃப் த மேஜை’

ஓ. ஹென்றியின் 1905ஆம் ஆண்டுக் கதை. தலைப்பிலுள்ள ‘மேஜை’ (Magi), குழந்தை இயேசுவுக்குப் பரிசு கொண்டுவந்த ஞானிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். டெல்லாவின் கையில் 1 டாலர் 87 சென்ட். கூந்தலை 20 டாலருக்கு விற்று, கணவனின் சட்டைப்பைக் கடிகாரத்துக்கு 21 டாலரில் சங்கிலி வாங்குகிறாள். அவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வந்திருக்கிறான். அமைப்பு அவ்வளவு சமச்சீரானது, ஒரு பத்தியில் முழுதும் விளக்கப்பட்டுவிடும். நான்கு பக்கக் கட்டுரைக்குத் தனியாக இது தாங்காது.

தனியாக எழுதியே தீர வேண்டுமானால் கதைசொல்லியின் குரலைப் பிடியுங்கள். இருவரையும் முட்டாள் குழந்தைகள் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் பரிசு தருபவர்கள் அனைவரிலும் இவர்களே ஞானிகள் என்கிறான். முட்டாள் என்ற சொல்லில் உள்ள சொல் முரண்நகையே நிகழ்வு முரண்நகையைக் கசப்பாகாமல் காக்கிறது. முரண்நகை எப்போதும் குத்த வேண்டியதில்லை என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மிக வளமானது: ‘தி காஸ்க் ஆஃப் அமான்டியாடோ’

எட்கர் ஆலன் போ 1846இல் வெளியிட்ட இந்தக் கதை நீண்ட கட்டுரைக்கு ஏற்றது. தன்னை அவமதித்த ஃபார்ச்சுனாட்டோவை, அமான்டியாடோ என்ற மதுவைக் காட்டி நிலவறைக்கு அழைத்துப்போய், உயிரோடு சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறான் மான்ட்ரெசோர். பழிவாங்கப் போகிறேன் என்று மான்ட்ரெசோர் தொடக்கத்திலேயே வாசகரிடம் சொல்லிவிடுவதால், அதன் பிறகு அவன் ஃபார்ச்சுனாட்டோவிடம் பேசும் ஏறத்தாழ ஒவ்வொரு வாக்கியமும் இரட்டைப் பொருள் பெறுகிறது. நண்பனின் உடல்நலம் விலைமதிப்பற்றது என்கிறான். ‘இருமலால் நான் சாகமாட்டேன்’ என்று ஃபார்ச்சுனாட்டோ சொல்ல, ‘உண்மை, உண்மை’ என்கிறான். நீண்ட ஆயுளுக்கு என்று கோப்பை உயர்த்துகிறான். ஃபார்ச்சுனாட்டோ என்ற பெயருக்கே அதிர்ஷ்டசாலி என்று பொருள், அவன் அணிந்திருப்பது மணி கட்டிய கோமாளி உடை.

இந்த வளமே ஆபத்து. பன்னிரண்டு வரிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றுக்கும் ‘இதுவும் முரண்நகை’ என்று எழுதினால் அது பட்டியல், கட்டுரை அல்ல. ஒரு வாதம் வேண்டும். வலுவான வாதம் கதையின் முதல் பத்தியிலேயே இருக்கிறது. பழிவாங்குபவன் தண்டனைக்குத் தப்ப வேண்டும், தான்தான் பழிவாங்குகிறேன் என்று எதிராளிக்கு உணர்த்தவும் வேண்டும் என்று மான்ட்ரெசோர் இரண்டு விதிகள் வைக்கிறான். முதல் விதி நிறைவேறியது, 50 ஆண்டுகளாக எலும்புகளை யாரும் தொடவில்லை. இரண்டாவது? எந்த அவமதிப்புக்காகச் சாகிறான் என்று ஃபார்ச்சுனாட்டோவிடம் அவன் ஒரு முறையும் சொல்வதில்லை. கடைசிக் கல்லை வைக்கும் முன் நெஞ்சு கனத்ததாகச் சொல்லி, உடனே நிலவறையின் ஈரம் காரணம் என்கிறான். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த இரவை நுணுக்கம் குறையாமல் விவரித்துக்கொண்டிருக்கிறான். அதுவரை முரண்நகையைக் கையில் ஆயுதமாக ஏந்தியிருந்தவன் மீதே அது திரும்புகிறது. இந்தத் திசையில் எழுதப்பட்ட கட்டுரையைப் படிப்பதே ஒரு மகிழ்ச்சி.

ஒரு நடைமுறைச் சிக்கல்: மொழிபெயர்ப்பு. ரகசியச் சங்க உறுப்பினரையும் கொத்தனாரையும் குறிக்கும் ‘மேசன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்து நடக்கும் உரையாடலும், மான்ட்ரெசோர் கொத்தனார் கரண்டியை எடுத்துக் காட்டும் கட்டமும் தமிழில் பாதி உயிரை இழக்கின்றன. பொதுவாக, சொல் முரண்நகை மிகுந்த கதை மொழிபெயர்ப்பில் தேயும், நிகழ்வு முரண்நகை மிகுந்த கதை தாங்கும். மூலத்தைப் படிக்க முடியாதவர் இதைத் தவிர்த்து ‘நெக்லஸ்’ பக்கம் போவது நல்லது. அதுவும் பிரெஞ்சு மூலம்தான், ஆனால் அதன் பலம் எண்களிலும் செயல்களிலும் இருக்கிறது.

திசை மாறியது: ‘தி லாட்டரி’

ஷெர்லி ஜாக்சனின் கதை 1948 ஜூன் 26 தேதியிட்ட ‘தி நியூயார்க்கர்’ இதழில் வந்தது. கதை நடக்கும் நாள் ஜூன் 27. அன்று ஊரார் கூடிச் சீட்டு எடுக்கிறார்கள், சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். இந்த முறை அது டெஸ்ஸிக்கு விழுகிறது. இங்கே ஊரார் அனைவருக்கும் எல்லாம் தெரியும், வாசகருக்கு மட்டும் தெரியாது. நாடக முரண்நகையின் நேர்த் தலைகீழ். ஆகவே இதை நாடக முரண்நகை என்று எழுதும் கட்டுரை முதல் பத்தியிலேயே விழுந்துவிடுகிறது. வகைப் பெயரைவிட இந்தத் தலைகீழை விளக்குவதே பயன் தரும். வேலை காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்ற சாதாரணக் குரல், தொடக்கத்திலேயே கல் பொறுக்கும் சிறுவர்கள், டெஸ்ஸியோடு சிரித்துப் பேசிய டெலக்ரா சீமாட்டியே கடைசியில் இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய கல்லை எடுப்பது, இவை மூன்றும் போதும். டெஸ்ஸி ‘இது நியாயமில்லை’ என்று கத்துவது சீட்டு அவள் குடும்பத்துக்கு விழுந்த பிறகுதான் என்பதை விட்டுவிடாதீர்கள்.

தமிழில் எழுதினால்: ‘பொன்னகரம்’

தமிழிலக்கியப் பாடமாக இருந்தால் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ (1934) ஷோப்பினுக்கு இணையான தேர்வு. தலைப்பே சொல் முரண்நகை. சந்தில் வாழும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வார்ப்பதற்காக உடலை விற்கிறாள். கற்பை மீறும் செயலுக்கு மனைவியின் கடமையே காரணமாகிறது. ‘என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!’ என்று முடியும்போது கதைசொல்லி நேரே வாசகரை நோக்கித் திரும்புகிறான். மூலமொழியிலேயே மேற்கோள் காட்ட முடிவது பெரிய வசதி. எச்சரிக்கை ஒன்று உண்டு. இதில் முரண்நகையும் அங்கதமும் பின்னிக்கிடக்கின்றன. அங்கதம் ஒரு சமூக வழக்கத்தைத் தாக்கும் நோக்கம், முரண்நகை அதற்குப் பயன்படும் கருவி. இரண்டையும் ஒரே சொல்லாகப் புரட்டினால் கட்டுரை குழம்பும்.

ஒன்றா, இரண்டா?

1,500 சொற்களுக்குள் எழுதுவதானால் ஒரே கதை. அதற்கு மேல் இருந்தால் இணை சேர்க்கலாம். சிறந்த இணை ‘நெக்லஸ்’, ‘தி கிஃப்ட் ஆஃப் த மேஜை’ இரண்டும்தான். தனியாகப் பலவீனமான ஓ. ஹென்றியின் கதை இங்கே வலுப்பெறுகிறது. இரண்டிலும் ஓர் அணிகலன், ஒரு மறைப்பு, வீணாய்ப் போன தியாகம். ஒன்றில் மறைப்பு பயத்தால், மற்றதில் அன்பால். இந்த வேறுபாடே ஒரு முடிவைக் கசப்பாகவும் மற்றதை இனிப்பாகவும் ஆக்குகிறது என்ற ஒற்றை வாதத்தில் முழுக் கட்டுரையும் நிற்கும். போவையும் ஜாக்சனையும் சேர்ப்பதில் அந்த இறுக்கம் வராது. இரண்டும் கொலைக் கதைகள் என்பதைத் தாண்டிப் பொது இழை மெலிது.

கதை முடிவானதும் மூன்று வாசிப்புகள் செய்யுங்கள். முதல் வாசிப்பில் பேனா வேண்டாம். இரண்டாவதில் ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் (நெடுவரிசைகள்) போடுங்கள்: வரி, பேசுபவர், உண்மை தெரிந்தவர், தெரியாதவர். 12 முதல் 15 வரிகள் சேரும். மூன்றாவதில் அவற்றை 5 அல்லது 6 ஆகக் குறையுங்கள், ஒரே வாதத்துக்கு உதவுபவை மட்டும். நோட்டில் ‘தெரியாதவர்’ கட்டம் காலியாக இருக்கும் வரியைத் தயங்காமல் அடித்துவிடலாம், அங்கே முரண்நகை இல்லை.

வாத வாக்கியத்தை எழுதும்போது எதிர்த்துப் பேச இடமிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஷோப்பின் தன் கதையில் மூன்று வகை முரண்நகைகளையும் பயன்படுத்துகிறார்’ என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை, அதனால் அது வாதம் அல்ல. ‘லூயிஸைக் காக்க எடுக்கப்படும் ஒவ்வொரு முயற்சியும் அவளைப் பற்றிய அறியாமையிலிருந்து பிறப்பதால், அந்தக் கரிசனமே கதையின் முரண்நகையை இயக்குகிறது’ என்பதை மறுக்கலாம், ஆகவே நிறுவ வேண்டியிருக்கிறது.

1,500 சொல் கட்டுரைக்கு முன்னுரை 150, உடல் மூன்று பகுதிகளாகத் தலா 400, முடிப்பு 150. கதைச்சுருக்கம் முன்னுரைக்குள் நான்கு வரிகளைத் தாண்டக் கூடாது. ஒரு வரி மேற்கோளுக்குக் குறைந்தது மூன்று வரி விளக்கம் எழுதுங்கள். விளக்கத்தில் வர வேண்டியவை இரண்டு: இடைவெளி யார் யாருக்கிடையே, அதனால் வாசகர் யாரைப் பற்றி எண்ணத்தை மாற்றிக்கொள்கிறார். இரண்டாவதை விட்டுவிடுவதால்தான் பல கட்டுரைகள் பெயர் சூட்டுவதோடு நின்றுவிடுகின்றன.

சமர்ப்பிக்கும் முன் ஒரு சோதனை. உடல் பகுதியில் ‘முரண்நகை’ என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். யார் எதை அறியாமல் என்ன செய்தார் என்பது அப்போதும் விளங்கினால் அந்தப் பத்தி நிற்கிறது. விளங்காத பத்தியை நோட்டின் நான்கு கட்டங்களை எதிரே வைத்துக்கொண்டு மீண்டும் எழுதுங்கள்.